இறால் தட்டு

பூனை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் எதெல்மிராவுக்கு விஷயமே தெரிந்தது. ஆணியில் மாட்டி வைத்திருந்த பாந்தேரோ மேளம், எட்டு மூலை மரச்சட்டமும் சலங்கைத் தகடுகளுமாக அடுப்படியில் கிடந்தது. தோல் முழுக்க எண்ணெய். ஓரத்தில் ஓர் இறால் தலை. அவள் பூனையை விரட்டினாள்.

"சீ! யாரு பண்ணின வேலை இது?"

"தட்டு பத்தலை," என்றான் புருஷன் ஃபிதென்சியோ, பல்லைக் குத்தியபடி. "நேத்து நீ இல்லாதப்போ கவுன்சிலர் சாப்பிட வந்தாரு. மேளத்துல பரிமாறினதும் அவருக்கு ஒரே சிரிப்பு."

"நீயும் கூட இளிச்சியாக்கும்?"

"பின்னே? வேலை வாங்கித் தர்றேன்னிருக்காரு."

காய்ச்சலில் மகள் கண் திறக்காமல் கிடந்தபோது, பிழைத்தால் கந்தெலாரியா மாதா படகேறி ஆற்றில் பவனி போகும் நாளில், பின்னால் போகும் படகில் நின்று பாந்தேரோ அடிக்கிறேன் என்று எதெல்மிரா நேர்ந்திருந்தாள். மகள் பிழைத்துவிட்டாள். பவனி இன்று மதியம். இரவல் கேட்கவும் வழியில்லை. ஊரிலிருந்த மற்ற பாந்தேரோக்கள் எல்லாம் பவனிக்காகக் காலையிலேயே படகேறிவிட்டன.

எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். தோல் தொளதொளத்துப் போனது. வேறென்ன செய்ய? துறையில் சோளம் சுடுகிறவளின் கரியடுப்பில் காட்டி முறுக்கேற்ற வேண்டியதுதான்.

"குடு, நான் பிடிக்கிறேன்," என்று கூடவே வந்தான் புருஷ மகராசன்.

அவள் மகளைப் படகில் ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் கவுன்சிலர் வந்து நின்றார். ஃபிதென்சியோவின் கண் அவர்மேல், கை நெருப்பின்மேல். தோலில் ஊறியிருந்த எண்ணெய் சொட்டிக் குப்பென்று பற்றியது.

"யாருய்யா அது இறால் வறுக்குறது?" என்று படகிலிருந்து ஒருவன் கத்த, துறையே சிரித்தது. தோலின் நடுவில் கருகிய ஓட்டை.

"சலங்கை இருக்கே, ஆட்டிக்க. மாதா என்ன தோலைத் தடவியா பாக்கப்போறா?" என்ற ஃபிதென்சியோ, கவுன்சிலர் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டு அப்புறம் சிரித்தான்.

த்தூ! இந்த ஜென்மத்தோடா இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தோம் என்றிருந்தது அவளுக்கு. மிச்சத் தோலைப் பிய்த்து அவன் கையில் திணித்தாள்.

"இந்தா உன் தட்டு. கழுவி வை, மறுபடியும் வருவாரு."

அவள் ஏறிக்கொண்டதும் அவனும் படகில் கால் வைத்தான்.

"ஏறாதே. குமட்டுது."

படகு நகர்ந்தது. வெறும் சட்டத்தை உள்ளங்கையில் மோதி மோதி அடித்தாள். சலங்கை மட்டும் கலகலத்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, உன் கை நாறுது."

"இது கழுவினாப் போயிடும்டி," என்றாள். கரையில் கவுன்சிலருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.