ஒரே முகவரிக்கு இருபத்துமூன்று மெயில்

மெயில் அனுப்புவதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. போடியில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர்க் கம்பெனிகளுக்கு நான் எழுதிக் கொடுத்த நிரல்கள் தினமும் ஆயிரக்கணக்கில் மெயில் அனுப்புகின்றன. அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் ராஜாராம் அண்ணன் அன்று காலை, "ஏம்மா அமுதவள்ளி, ஒன் கம்ப்யூட்டரு தூங்கிருச்சா?" என்று கேட்டார். வந்ததே எனக்குக் கோபம்!

ராஜாராம் அண்ணன் சிறு ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். முந்தல் சாலையில் சங்கத்துக்கு ஒரு ஸ்டோர் உண்டு. மலையில் பறித்த பச்சைக்காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் நான்கு அறைகள். பறித்த காய் சாக்கிலேயே கிடந்தால் புழுங்கி நிறம் போய்விடும், அப்புறம் அதைச் சீந்த ஆள் இருக்காது. ஆகவே யார் காய் எப்போது உள்ளே போகிறது என்பதுதான் எல்லாமே. இத்தனை வருடமாக அண்ணன் போன் போட்டுத்தான் முறை சொன்னார். போனைக் கையில் எடுத்ததும் அவருக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் பெரிய தோட்டக்காரர்கள். போடிமெட்டுச் சரிவில் இரண்டே ஏக்கர் வைத்திருக்கும் மொக்கம்மாள் அக்கா எப்போதும் கடைசி, போன் வராமல் தானே வந்து காத்துக் கிடப்பார். போன வருடம் அவர் காய் மூன்று நாள் சாக்கில் கிடந்து வெளுத்ததை நானே பார்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த வலைச் செயலி.

எந்தத் தேதியில் காய் பறிக்கப் போகிறோம் என்று உறுப்பினர்கள் பதிய வேண்டும். அந்த வரிசைப்படி நிரல் அறை ஒதுக்கும். ஒதுக்கியதும், மெயில் அனுப்புவதற்கென்றே யாரோ எழுதி வைத்த லைப்ரரி என்ற நிரல் தொகுப்பை அழைத்து, அவரவர் பேர், நாள், மணி எல்லாம் போட்டு அனுப்பிவிடும். முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே நொடியில். பெரியவன் சின்னவன் என்று லைப்ரரிக்குத் தெரியாது. அதில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

முதல் நாள் திங்கட்கிழமை. மூன்று மணி நேரத்துக்கு ஓர் அறை: எட்டு மணி பெரிய தோட்டக்காரர் விஜயகுமாருக்கு, பதினோரு மணி மொக்கம்மாள் அக்காவுக்கு. ஒன்பது மணி வரை ஒரு ஈ, காக்கை வரவில்லை. அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"மெயில எவன் பாப்பான்னு அன்னைக்கே சொன்னேன். பதினோரு மணிக்கும் ஆளு வரலேன்னா நாளையிலேர்ந்து பழையபடி போனுதான்," என்றார் அண்ணன்.

"வருவாகண்ணே. வரலேன்னா என் சோலிய நானே மூட்டை கட்டிர்றேன்."

சவடால் விட்டாயிற்று. மடிக்கணினியைத் திறந்தால் முப்பத்தெட்டுக்கும் 'அனுப்பப்பட்டது' என்றே இருந்தது. ஒரு பிழைகூட இல்லை. லைப்ரரியைத் திட்டினேன். அதன் புதுப் பதிப்பைப் போட்டேன். எனக்கே ஒரு மெயில் அனுப்பினேன், டிங்கென்று வந்து விழுந்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தை அப்புறம்தான் செய்தேன்: முகவரிகளை வரிசையாகப் படித்தேன். பால்சாமி ஜெராக்ஸ். பால்சாமி ஜெராக்ஸ். பால்சாமி ஜெராக்ஸ். இருபத்துமூன்று பேருக்கு அதே முகவரி. மொக்கம்மாள் அக்காவுக்கும் அதுதான்.

அடச்சே! ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பறந்தேன். பால்சாமி அண்ணன் தன் ஜெராக்ஸ் கடையில் யாருக்கோ பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது, ஊரு மெயிலெல்லாம் ஒங்களுக்கு வருது?"

"அவுகளுக்கு ஏது தாயி மெயிலு? எல்லாரும் எங்கிட்ட வந்துதான் பதிஞ்சாக. மெயில் போடாம ஒன் பாரம் அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேங்குது. பட்டா, ஆதாரு, பிள்ளைக காலேசு, எல்லாத்துக்கும் என்னதத்தான் போடுறேன். வந்ததும் போனப் போட்டுச் சொல்லிருவேன். இதுவரைக்கும் ஒண்ணும் தப்புனதில்ல."

"பெறகு இது ஏன் தப்புச்சு?"

"வரவே இல்லையே!"

ஸ்பேம் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். இருபத்துமூன்றும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தன. ஒரே நொடியில் ஒரே ஆளுக்கு ஒரே மாதிரி இத்தனை வந்தால் எந்த மெயில் பெட்டிதான் சந்தேகப்படாது? லைப்ரரி நான் சொன்னதைச் செய்திருந்தது. நான்தான் ஊரைப் பார்க்காமல் சொல்லியிருந்தேன். வெட்கமாகப் போயிற்று, அதை மறைக்க அவர் மேலேயே எரிந்து விழுந்தேன்.

"வெரசா போனப் போடுங்கண்ணே! மொதல்ல மொக்கம்மாள் அக்காவுக்கு."

மணி ஒன்பதே முக்கால். "மொக்கம்மா, நேத்துப் பறிச்ச ஒன் காயி பதினோரு மணிக்கு உள்ள போகணும். ஜீப்புல ஏத்து. ஆமா, ஒனக்குத்தான். ஒம் பேரு போட்டு வந்திருக்கு," என்றார் பால்சாமி அண்ணன். அந்தப் பக்கத்திலிருந்து, "எனக்கா?" என்று மட்டும் கேட்டது.

அவர் மற்றவர்களை அழைத்துக்கொண்டிருக்க, நான் கடை ஸ்டூலில் உட்கார்ந்து நிரலைத் திருத்தினேன். ஒரே முகவரியில் எத்தனை பேர் இருந்தாலும் இனி ஒரே மெயில். உள்ளே பேர், நாள், மணி, போன் நம்பர், எல்லாம் ஒரே பட்டியலாக. ஆறு வரிதான். அனுப்பினேன், அவர் பெட்டியில் முதல் ஆளாக வந்து நின்றது.

பத்தே முக்கால் தாண்டி நான் ஸ்டோருக்குத் திரும்பியபோது, விறகு வீணாகிறதென்று எட்டு மணி அறையில் அண்ணன் வேறொருவர் காயை ஏற்றிவிட்டிருந்தார். வாசலில் விஜயகுமாரின் வண்டி இருபது மூட்டையோடு நின்றது.

"ஸ்டோரு காலியாக் கெடக்குன்னாங்க, கொண்டாந்துட்டேன்," என்றார் அவர். ராஜாராம் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து அம்பத்தஞ்சாச்சு. ஏத்திருவோமா?"

நான் அறை வாசலில் குறுக்கே நின்றேன். "இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குண்ணே."

ஹாரன் சத்தம் கேட்டது. சாலைத் திருப்பத்தில் ஜீப் தெரிந்தது. ஆறு மூட்டை. மொக்கம்மாள் அக்கா இறங்கி, யாரையும் பார்க்காமல் நேரே அண்ணனிடம் போனார்.

"மொறை எனக்குத்தானண்ணே?"

அண்ணன் இருபது மூட்டையைப் பார்த்தார், ஆறு மூட்டையைப் பார்த்தார், என் திரையைப் பார்த்தார். "ஒனக்குத்தான். எறக்கு."

அக்கா என் திரையில் தன் பேரைத் தேடி, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். "பன்னெண்டு வருசமா இங்க வந்து காத்துக் கெடந்திருக்கேன் தாயி. கூப்புட்டு வந்தது இன்னைக்குத்தான்," என்றார்.

"ஒங்களுக்குன்னே ஒரு மெயிலு போட்டுத் தர்றேன்க்கா."

"எதுக்கு? பால்சாமி அண்ணனுக்கே போகட்டும். அவரு சொல்லிருவாரு."

விஜயகுமார் தன் போனைத் துழாவிக்கொண்டிருந்தார். படிக்காத மெயில் நாலாயிரம் இருந்தது, அதில் என்னுடையதும் ஒன்று: திங்கள், காலை எட்டு மணி. சொந்த முகவரி, தப்பாமல் போய்ச் சேர்ந்த மெயில். திறக்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இன்றைய ஐந்து மணிக்காரர் இன்னும் காய் பறிக்கவில்லை என்று பால்சாமி அண்ணன் போனில் கேட்டு வைத்திருந்தார். அந்த அறையை விஜயகுமாருக்கு மாற்றினேன்.

அவர் போகாமல் நின்றார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எம் பேருக்கும் அந்த பால்சாமி மெயிலையே போட்டு விட்ரும்மா."

போட்டேன். இருபத்துநான்கு.