மேனேஜரின் சாமான் பட்டியல்

முப்பத்திரண்டு வருஷம் பார்சல் கட்டியவன் நான். கிடங்கில் எங்கள் பிரிவுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: பட்டியலில் இல்லாதது பெட்டியில் இல்லை. பட்டியல் மூன்று படி எழுத வேண்டும். ஒன்று பெட்டிக்குள், ஒன்று பெட்டிமேல், ஒன்று கட்டியவன் கையில். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது, புத்தி மட்டும் ஓய்வு பெறவில்லை. நாயைப் பத்து நாள் காப்பகத்தில் விட வேண்டும் என்று ஆனதும் நான் முதலில் தேடியது கார்பன் தாளைத்தான்.

நாயின் பெயர் மேனேஜர். நான் எந்த வேலை செய்தாலும் பின்னால் வந்து நின்று பார்க்கும். ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. வேலை முடிந்ததும் தான் செய்ததுபோலக் கொட்டாவி விட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். இப்படிப்பட்டவருக்கு வேறென்ன பெயர் வைப்பது?

எனக்கு இடது கண்ணில் புரை. வலது கண் சிறு வயதிலிருந்தே பேருக்குத்தான், ஆகவே இருக்கிற ஒரு கண்ணும் இதுதான். ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. முதல் முறை சர்க்கரை கூடிவிட்டது. இரண்டாம் முறை நாயை விட இடம் கிடைக்கவில்லை என்று நானே போகவில்லை.

"மூணாவது தடவையும் வராம இருந்துட்டு அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க. நல்லா முத்திப்போச்சு," என்றார் டாக்டர். வியாழக்கிழமை தேதி கொடுத்தார். ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று நாளும் சேர்த்துப் பத்து நாள் வீட்டில் நாய் இருக்கக் கூடாது என்று நர்ஸ் கண்டித்துச் சொன்னாள். முடி, தூசி, போதாததற்குப் பாசத்தில் முகத்தில் வேறு ஏறுமாம்.

மனைவிக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனவள் அவள். மூன்று வருஷம் ஆகிறது. குழந்தை நடக்கட்டும் என்றாள். அது நடப்பதற்குள் இரண்டாவது வந்துவிட்டது. நான் குறை சொல்லவில்லை. அங்கே இன்னொரு ஜோடி கை தேவைதான்.

"ஏங்க, நான் வேணா வரட்டுமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? கண்ணுல சின்னதா ஒரு கீறல். நீ வந்து என்ன பண்ணப்போற? சொட்டு மருந்து விடறதுக்கு மருந்துக்கடைக்காரர் வர்றேன்னிருக்காரு."

அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது. "சரி, நேரத்துக்குச் சாப்பிடுங்க," என்று வைத்துவிட்டாள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் வா என்று சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேக்கிங்தான். எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, செய்தித்தாளில் சுற்றியது. பாய் ஒன்று. சங்கிலி, தோல் பட்டை, சீப்பு, சோப்பு, துண்டு. உண்ணி மருந்து. பத்து நாள் தீனியை இருபது பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் கிழமையும் காலையா மாலையா என்பதும் எழுதினேன். கடித்துக் குதறிய ரப்பர் செருப்பு, இடது கால். வலது கால் இன்னும் முழுசாக என்னிடம் இருக்கிறது, எதற்கென்றுதான் தெரியவில்லை. என் வாசனை உள்ள துணி ஒன்று வேண்டும், துவைக்கக் கூடாது என்று காப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் போட்ட பனியனை ஒரு கவரில் போட்டு, 'அழுக்கல்ல, வேண்டுமென்றே' என்று மேலே எழுதி ஒட்டினேன். மொத்தம் முப்பத்தொரு உருப்படி. பெட்டியை மூடிக் கயிறு இழுத்துக் கட்டினேன். மேனேஜர் கொட்டாவி விட்டது.

திங்கட்கிழமை காலை காப்பகத்தில் எங்களை எதிர்கொண்டவள் நாற்பது வயதுக்காரி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். அந்த இடத்தை நடத்துகிறவளும் கூண்டு கழுவுகிறவளும் அவளேதான். ஒரு ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "பேரு?" என்றாள்.

"மேனேஜர்."

"உங்க உத்தியோகம் இல்லைங்க ஐயா, நாயோட பேரு."

விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டாள். என் பெட்டியையும் பட்டியலையும் பார்த்து, "சில பேர் பிள்ளைங்களை ஹாஸ்டல்ல விடும்போதுகூட இப்படி அனுப்பறதில்ல," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. மீதி ஃபாரத்தை என்னிடமே கொடுத்தாள். தடுப்பூசி, வயது, கடிக்குமா, எல்லாம் எழுதினேன். 'உணவுப் பழக்கம்' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. 'சாதாரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜரைக் கூண்டுக்குள் விட்டபோது அது என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. வழக்கம்போல மேற்பார்வை பார்க்கிறதென்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மாலையே போன் வந்தது. சாப்பிடவில்லை. புது இடம், சரியாகிவிடும் என்றாள். செவ்வாய்க்கிழமை காலையும் சாப்பிடவில்லை. மாலை அவள் குரலில் சிரிப்பு இல்லை.

"தண்ணி மட்டும் குடிக்குது. கையில வெச்சு ஊட்டியும் பாத்துட்டேன், மூஞ்சியைத் திருப்பிக்குது. வயசான நாய், ரெண்டு நாளைக்கு மேல பட்டினி தாங்காது. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்போம். அப்பவும் சாப்பிடலைன்னா வந்து கூட்டிட்டுப் போயிடுங்க ஐயா. எங்க வழக்கம் அதான்."

கூட்டி வந்தால் வியாழக்கிழமை ஆபரேஷன் இல்லை. கூட்டி வராவிட்டால் அது செத்துப்போகும். ஒரு கண்ணுக்கும் ஒரு நாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

என் கையிலிருந்த பட்டியலின் படியை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்றும் போயிருக்கிறது. சரக்கில் குறையில்லை. குறை எங்கே என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையே தெரியும்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை இருக்கிறது, ஆறு நாற்காலி. மனைவி போன இரண்டாம் மாதமோ என்னவோ, ஒரு நாள் ஐந்து காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு என்னால் விழுங்க முடியவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைத் தரையில் மேனேஜரின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து இரண்டு வேளையும் அங்கேதான். நான் முதல் வாய் வைக்கும்வரை அது கிண்ணத்தைத் தொடாது. "எடுத்துக்கோங்க மேனேஜர்," என்பேன், பிறகுதான் தலையைக் குனியும். மனைவி கேட்டால் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பேன். மூன்று வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், அதை இரண்டு அங்குலக் கோட்டில் ஒரு முன்பின் தெரியாதவளுக்கு எழுதிக் கொடுப்பேனா? கௌரவம் சோறு போடாது என்பார்கள். என் கௌரவம் போட்ட சோற்றையும் தின்னவிடாமல் செய்துவிட்டது.

புதன்கிழமை காலை நானே போன் செய்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"அம்மா, ஃபாரத்துல ஒண்ணு விட்டுப்போச்சு. அது தனியா சாப்பிடாது. யாராவது பக்கத்துல தரையில உக்காந்து சாப்பிடணும். அவங்க முதல் வாய் வெச்சாத்தான் அது வாய் வைக்கும்."

"யாராவதுன்னா?"

"நான்தான்."

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"இதை ஏங்க ஐயா எழுதல?"

"எழுதற மாதிரி இல்லம்மா."

"சரி, மத்தியானம் என் டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டு அதுகூட உக்காருறேன். என்ன சொல்வீங்க அதுகிட்ட?"

சொன்னேன்.

பன்னிரண்டரைக்கு அவள் கூப்பிட்டபோது நான் சமையலறைத் தரையில் இருந்தேன். எதிரில் தட்டு இருந்தது. சோறு போட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"உக்காந்துட்டேங்க ஐயா, போன் கீழ இருக்கு. ஒரு வாய் வெச்சுட்டேன்." போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "என் வாயையே பாக்குது... எடுத்துக்கோங்க மேனேஜர்... எந்திரிக்குது. மோந்து பாக்குது..."

பிறகு சிமென்ட் தரையில் எவர்சில்வர் கிண்ணம் நகர்கிற சத்தம் கேட்டது.

"சாப்பிடுதுங்க ஐயா! நல்லாவே சாப்பிடுது!"

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாளைக்கு ஆபரேஷன் உண்டு, நாயும் பிழைத்தது. சந்தோஷம்தான். அதோடு, யார் உட்கார்ந்தாலும் அதற்குப் போதும் போலிருக்கிறதே என்று ஒரு வலியும் இருந்தது, அதை மறைப்பானேன். அதற்கு யாராவது போதும். எனக்கு அந்த யாராவதும் இல்லை. திங்கட்கிழமை மதியத்திலிருந்து நான் பிஸ்கட்டும் தண்ணீருமாகவே ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்போ வெச்சிடட்டுங்களா ஐயா?"

"வேணாம்மா. ஒரு நிமிஷம். அது சாப்பிட்டு முடிக்கட்டும்."

"இன்னும் பாதி இருக்குங்களே." பிறகு கேட்டாள்: "ஐயா, நீங்க சாப்பிட்டீங்களா?"

ஆச்சு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இல்லம்மா. தட்டுப் போட்டு வெச்சிருக்கேன்."

போனைத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, சத்தத்தைக் கூட்டினேன். அந்தப் பக்கம் நக்குகிற சத்தமும் டப்பா மூடி கிணுகிணுக்கிற சத்தமும் கேட்டன. அவளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக்கோங்க ஐயா," என்றாள்.