ஏழாவது பெட்டிசம்

கண்டல்முனையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலர் இருந்தார்கள். ஆனால் வரைபடம் வாசிக்கத் தெரிந்தவர் மைக்கல் ஒருவர்தான். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் படம் வரையும் பகுதியில் வேலை பார்த்தவர். ஐம்பத்தேழில் தளம் கைமாறியபோது வேலை போயிற்று. பிறகு டவுனில் பலகை விற்கும் ஒரு மரக்காலையில் எழுத்து வேலைக்குப் போனார். பென்சிலைக் காதில் செருகும் பழக்கம் மட்டும் போகவில்லை.

துறைமுகத்தின் ஒதுங்கிய மூலையொன்றில், கடலுக்கும் கண்டல் சேற்றுக்கும் நடுவே நாற்பத்தொரு வீடுகள். கடல்பக்க வரிசையில் முஸ்லிம் மீனவர்கள் இருந்தார்கள். சேற்றுப்பக்க வரிசையில் முன்பு தளத்தில் வேலை செய்த கத்தோலிக்கக் குடும்பங்கள். மைக்கலின் வீடும் அந்த வரிசையில்தான். பஸ் ஓடுகிற பெரிய றோட்டுக்குப் போக ஒன்றரை மைல் ஒற்றையடிப் பாதை. மாரி தொடங்கினால் அதுவும் தண்ணீருக்குள் போய்விடும்.

அறுபத்தாறாம் ஆண்டு மாரியில் கடல்பக்க வரிசை மீனவர் ஸைனுலாப்தீனின் மனைவி சித்தி பரீதாவைப் புடையன் பாம்பு கடித்தது. விறகுக் கட்டுக்குள் கையை விட்டபோது கடித்திருக்கிறது. கதிரையில் இருத்தி, இரண்டு பக்கமும் கம்பு கட்டி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மைக்கலும் அதில் ஒருவர். இடுப்பளவு தண்ணீர். பாதி வழி வரைக்கும் அவள் கதைத்துக்கொண்டு வந்தாள். உலையில் அரிசி கிடக்கிறது, யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பெரிய றோட்டில் ஏறி ஒரு லொறியை மறித்தபோது மூச்சு நின்று நேரமாகியிருந்தது.

அந்தக் கிழமையே மைக்கல் அரசாங்கத்துக்கு முதலாவது பெட்டிசத்தை, கோரிக்கை மனுவை, எழுதினார். ஒரு றோட்டு வேண்டும், அதில் ஒரு பஸ் வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து கயிறு பிடித்து நிலத்தை அளந்தார். கயிற்றின் மறுமுனையை, அவர் அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் ஸைனுலாப்தீன் பிடித்தார். சேற்றின் ஓரமாக, தன் வரிசையின் பின்வேலிகளைத் தொட்டுக்கொண்டு போகும் ஒரு கோட்டை மைக்கல் வரைந்தார். எந்த இடத்தில் கல் நிரப்ப வேண்டும், எந்த இடத்தில் மதகு வைக்க வேண்டும் என்றெல்லாம் குறித்து, அடுத்தடுத்த பெட்டிசங்களோடு இணைத்தார். சில வேலிகளும் பத்துப் பன்னிரண்டு தென்னைகளும் போகும். ஒரு வீடும் போகாது.

ஆறு பெட்டிசங்களுக்குப் பதில் இல்லை. ஏழாவதை எழுதுமுன் வட்டார உறுப்பினர் பாக்கியரத்தினத்தைப் போய்ப் பார்த்தார். காணிப் பிரச்சினை வருமென்றுதான் மேலிடம் பின்வாங்குகிறது, அதற்கு ஒரு வரி சேருங்கள் என்று அவர் யோசனை சொன்னார். மைக்கல் சேர்த்தார். 'இவ்வீதிக்குத் தேவையான காணியை விட்டுக்கொடுக்க ஊரார் அனைவரும் சம்மதிக்கிறோம்.' எழுதும்போது அவர் மனதில் இருந்தவை தன் வரிசையின் வேலிகள்தான். பள்ளிவாசல் முற்றத்தில் நின்று கடிதத்தை உரத்து வாசித்தார். எல்லோரும் கையொப்பம் வைத்தார்கள். வைக்கத் தெரியாதவர்கள் பெருவிரலை மையில் தொட்டு அழுத்தினார்கள். அந்த வரியைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எழுபதாம் ஆண்டு கடைசியில் றோட்டுக்கு அனுமதி வந்தது. நில அளவையாளர்கள் வந்து இறங்கியபோது ஊரே திரண்டு நின்றது. டவுன் தேத்தண்ணிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கும் மைமூனா, அன்று ஒரு கடைக்கும் அனுப்பாமல் வந்தவர்களுக்கே பரிமாறினாள். புருஷனில்லாத அவள் விடிய முன்னம் தலையில் பெட்டியுடன் அந்தப் பாதையில் எத்தனை தடவை விழுந்து எழும்பினவள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆட்கள் அங்குமிங்கும் அளந்துவிட்டு, அடையாளக் கட்டைகளை நடாமலே போனார்கள். மைக்கலுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. அடுத்த கிழமை வீதி அலுவலகத்துக்குப் போனார். அங்கே படம் வரைபவராக இருந்த ஹிஸ்புல்லா முன்பே பழக்கம். அவர் படத்தை மேசையில் விரித்துக் காட்டினார்.

படத்தைத் தலைகீழாக விரித்துவிட்டார் என்றுதான் மைக்கல் முதலில் நினைத்தார். பிறகு கிணற்றின் வட்டத்தைக் கண்டுபிடித்தார், பள்ளிவாசலைக் கண்டுபிடித்தார். சிவப்புக் கோடு சேற்றோரமாகப் போகவில்லை. கடல்பக்க வரிசைக்கு மேலாக, முதல் வீட்டில் தொடங்கிக் கடைசி வீடுவரை நேராகப் போயிற்று. பதினேழு வீடுகள். கோட்டின் முனையில் புதிதாக ஓர் இறங்குதுறையும் ஐஸ் களஞ்சியமும் வரைந்திருந்தன.

"பஸ்ஸுக்கெண்டா ஒங்கட கோடு போதும்," என்றார் ஹிஸ்புல்லா. "மீன் லொறிக்கு அந்தச் சேறு தாங்காது. அதால இப்பிடி மாத்திட்டாங்க."

ஊரைக் கேட்கவில்லையே என்றார் மைக்கல். ஹிஸ்புல்லா கோப்பைத் திருப்பிக் காட்டினார். ஏழாவது பெட்டிசம் இருந்தது. அந்த ஒரு வரியின் கீழே யாரோ பென்சிலால் இரண்டு தரம் கோடிழுத்திருந்தார்கள். அதற்குக் கீழே விரல் அடையாளங்கள் வரிசையாக இருந்தன. ஆட்சேபனை கொடுக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்றும், அறிவித்தல் வாசல் சுவரில் ஒட்டியிருக்கிறது என்றும் ஹிஸ்புல்லா மெதுவாகச் சொன்னார்.

அங்கிருந்து நேரே பாக்கியரத்தினத்தின் வீட்டுக்குப் போனார் மைக்கல். அவர் பதறவில்லை. இதெல்லாம் வழமைதான், கோட்டை மாற்றுவிக்கலாம் என்றார். ஆனால் ஊர்ச் சனம் கூட்டமாக வந்து சத்தம் போட்டால் திட்டத்தையே வேறு ஊருக்குத் தூக்கிவிடுவார்கள், பிறகு இந்தப் பிறவியில் றோட்டு இல்லை என்றார்.

"ஒன்பது நாளைக்கு வாயை மூடிக்கொண்டிருங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

வீட்டுக்கு வந்து மனைவி கிறிஸ்டினிடம் மட்டும் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். எங்கள் வீடு போகிறதா என்று அவள் கேட்கவில்லை.

"இப்பவே போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ."

"சொன்னா குழம்புவினம். றோட்டும் இல்லாமப் போகும்."

"குழம்பட்டும். அவையின்ர வீடுதானே."

அவர் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். பாக்கியரத்தினம் கெட்டிக்காரர், மாற்றிவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தண்ணீருக்குள் தோளில் அழுத்திய அந்தக் கம்பு நினைவுக்கு வரும்போதெல்லாம், எப்படியாவது றோட்டு வந்துவிட வேண்டும் என்றிருந்தது.

ஐந்தாம் நாள் ஸைனுலாப்தீன் தன் வீட்டுக் கூரைக்குப் புதுத் தென்னோலைக் கிடுகு வேய்ந்துகொண்டிருந்தார். அந்த வழியால் போன மைக்கலைக் கூப்பிட்டு, ஒரு கை கொடுங்கள் என்றார். மைக்கல் கீழே நின்று ஒவ்வொரு கிடுகாக எடுத்துக் கொடுத்தார். கூரையில் குந்தியிருந்தபடியே ஸைனுலாப்தீன் கதைத்தார். பஸ் வந்தால் வாசலில் ஒரு சின்னக் கடை போடலாம், மகள் றம்ஸியா அதைப் பார்த்துக்கொள்வாள் என்றார். நல்ல யோசனை என்றார் மைக்கல். அடுத்த கிடுகை எடுத்து நீட்டினார். வேலை முடிய வெயில் ஏறிவிட்டது. றம்ஸியா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்.

ஒன்பது நாளும் கழிந்தன. இரண்டு மாதத்துக்குப் பிறகு பதினேழு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸை வாசிப்பிக்க எல்லோரும் மைக்கலிடம்தான் வந்தார்கள். முதலில் வந்தவர் ஸைனுலாப்தீன். மைக்கல் ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார். வீட்டை விட்டு எழும்ப வேண்டிய திகதியையும் வாசித்தார். ஸைனுலாப்தீன் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"இது ஒங்களுக்கு எப்ப தெரியும், தம்பி?"

பொய் சொல்ல மைக்கலுக்கு வாய் வரவில்லை. ஆட்சேபனைக்கு ஒன்பது நாள் இருக்கும்போதே தெரியும் என்றார். பாக்கியரத்தினம் சொன்னதையும் சொன்னார்.

"நான் கூரை மேயக்குள்ளயும் தெரியும்."

"ஓம், காக்கா."

"சொல்லியிருந்தா நாங்க வேணாமெண்டிருப்பம். றோட்டும் வேணாம், பஸ்ஸும் வேணாமெண்டிருப்பம். அது ஒங்களுக்குத் தெரியும். அதாலதான் நீங்க சொல்லல்ல."

இந்த இரண்டு மாதமும் மைக்கல் தனக்குள்ளே எத்தனையோ காரணம் அடுக்கியிருந்தார். அவற்றுள் இது ஒன்றுதான் இல்லை. இது ஒன்றுதான் உண்மை என்று இப்போது தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார். ஆட்சேபனை எழுதிக்கொண்டு போனார். காலம் கடந்தது என்று திருப்பிக் கொடுத்தார்கள். 'சம்மதம்' என்ற வரியைத் தானே எழுதியதாகவும், ஊராருக்கு அதன் அர்த்தம் தெரியாதென்றும் சத்தியக் கடதாசி முடித்துக் கொண்டுபோனார். அதை வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். பாக்கியரத்தினம் கொழும்பில் நிற்கிறார் என்று அவர் வீட்டில் மூன்று தடவை சொன்னார்கள்.

வீடுகளைத் தள்ள யந்திரம் வந்த அன்று மைக்கல் வேலைக்குப் போகவில்லை. முதல் வீட்டின் முன்னால் போய் நின்றார். வேலையை மேற்பார்த்த ஓவசியர் அவரைக் கையில் பிடித்து ஒதுக்கினார். திரும்பவும் போய் நின்றார். மூன்றாம் முறை மைமூனா வந்து, விடுங்கள், நாங்கள் சாமான் ஏற்ற வேண்டும், வழியில் நிற்காதீர்கள் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவர் ஒதுங்கிக்கொண்டார். பின்னேரத்துக்குள் பதினேழும் முடிந்துவிட்டன.

அவர்களுக்குச் சாம்பல்தீவுக்கு அப்பால், கடலைக் காணாத, புதர் மண்டிய ஒரு பற்றைக்காட்டில் காணி கொடுத்தார்கள். அங்கே தண்ணீர் இல்லை. தோணிகளைச் சிலர் விற்றார்கள். விற்காதவர்களின் தோணிகள் கண்டல்முனைக் கரையில் வெயிலில் கிடந்து பிளந்தன. ஸைனுலாப்தீன் மகளையும் கூட்டிக்கொண்டு புல்மோட்டைக்குப் போய், இல்மனைற் தாதுமண் ஏற்றும் வேலையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். போகும்போது அவர் மைக்கலிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

எழுபத்துமூன்றில் றோட்டுத் திறந்தார்கள். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். மீன் லொறிகள் நாள் முழுக்க ஓடின. சேற்றுப்பக்க வரிசையில் இருந்தவர்கள் பஸ்ஸில் டவுனுக்குப் போனார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஒருவரும் மைக்கலைக் குறை சொல்லவில்லை. கிறிஸ்டின் மட்டும் அந்த பஸ்ஸில் ஏறுவதில்லை. பெரிய றோட்டு வரைக்கும் நடந்துபோய் அங்கே ஏறினாள். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் மைக்கல் ஒரு கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு பற்றைக்காட்டுக்குப் போனார். கிணறு வெட்டித் தரும்படி கேட்டு எழுதியிருந்தார். மைமூனாவின் வீட்டு வாசலில் ஐந்தாறு பேர் கூடினார்கள். உடைந்த கட்டிலொன்றைக் காட்டி அவரை இருக்கச் சொன்னார்கள். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள். மைமூனா மெலிந்திருந்தாள். இங்கிருந்து இடியப்பம் கொண்டுபோக வழியில்லை, இப்போது விறகு வெட்டுவதாகச் சொன்னாள்.

மைக்கல் கடிதத்தை ஒவ்வொரு வரியாக வாசித்தார். வாசித்து முடித்து, மைப் பெட்டியைத் திறந்து வைத்தார். ஒருவரும் முன்னால் வரவில்லை.

"வச்சிட்டுப் போங்க, அண்ணன்," என்றாள் மைமூனா. "வேற ஒராளக் கொண்டு வாசிப்பிச்சுப் பாக்கணும்."

அவர் மைப் பெட்டியை மூடினார். கடிதத்தைக் கட்டிலில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கல்லை வைத்தார். பெரிய றோட்டு வரையும் வெயிலில் நடந்தார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அங்கே ஒரு கிணறு வெட்டியதாக ஹிஸ்புல்லா சொன்னார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் கொடுத்த கடிதத்துக்குத்தான் வெட்டினார்களாம். மைக்கல் எழுதியது எந்தக் கோப்பிலும் இல்லை.