ஒரே அறை, நான்கு கல்வெட்டு

ஒரு நகரத்தின் அதிகாரம் முழுவதும் அதன் மக்களிடமே உறைகிறது. மாமன்றத்தின் முன்வாசலுக்கு மேலே இதைக் கருங்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வாசல் மேயர் வரும்போது மட்டும் திறக்கும். மக்கள் பின்பக்கமாக, ஜெனரேட்டரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும்.

நாற்காலியக்காவும் கவுன்சிலரான முதல் நாள் அந்தப் பக்கமாகத்தான் வந்தார். விழாக்களுக்கு நாற்காலி, மேடை, மைக் வாடகைக்கு விடும் கடை அவருடையது. பெயரும் அதனால் வந்ததுதான். அவர் தேர்தலில் நின்றது நாத்தனாருக்காக. நாத்தனார் சந்தையில் மீன் விற்பவள். சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது என்பதால் கடையை மூடும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். சிறுநீரகத்தில் கல் வந்து ஒருமுறை சுருண்டு விழுந்தாள்.

"நிறைய தண்ணி குடிம்மான்னு டாக்டர் சுலபமா சொல்லிட்டாரு அண்ணி. குடிச்சிட்டு அவர் வீட்டுக்கா போறது?"

சந்தைக்கு ஒரு கழிப்பறை வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. நாற்காலியக்கா மேயரிடம் போனார். மேயரிடம் அங்கி இருந்தது, சங்கிலி இருந்தது, கொடி வைத்த கார் இருந்தது. கையெழுத்துப் போடும் உரிமை மட்டும் ஆணையரிடம் இருந்தது. ஆணையர் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார், ஆனால் நிதிக்குழுத் தலைவர் பணம் ஒதுக்க வேண்டுமாம். நிதிக்குழுத் தலைவர் ஒதுக்கத் தயார். எதிர்க்கட்சித் தலைவர் கூட்டத்தில் கத்தமாட்டார் என்றால். எதிர்க்கட்சித் தலைவர் கத்துவதே மேயர் தன்னை மதிப்பதில்லை என்பதற்காக. ஆகவே அக்கா மறுபடி மேயரிடம் போனார்.

"எல்லாருமே நல்லவங்கதான்" என்றார் வீட்டில், செருப்பைக் கழற்றியபடி. "யாரும் முடியாதுன்னு சொல்லல. ஆனா தனியா முடியும்னு சொல்லவும் யாருக்கும் அதிகாரம் இல்ல."

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லு" என்றார் கணவர்.

"இங்க அதிகாரம் யார்கிட்டன்னு உங்களுக்குத் தெரியாதா?"

கணவர் நாற்காலிகளைத் துடைக்கப் போனார். துணி நாற்காலியில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அப்போதுதான் தன் தொழில் ஞாபகத்துக்கு வந்தது. மேடையில் இவர்கள் எல்லோருக்கும் அவர் இடம் போட்டிருக்கிறார். எந்த வேலைக்கும் முன்வராதவர்கள் எந்தத் திறப்பு விழாவுக்கும் பிந்தி வந்ததில்லை. இந்த ஊரில் அதிகாரத்தைப் பங்கு போட்டுவிட்டார்கள். பெருமையை இன்னும் யாரும் பங்கு போடவில்லை.

மறுநாள் முதல் அவர் கழிப்பறை என்ற சொல்லையே எடுக்கவில்லை. "ரிப்பனை நீங்கதான் வெட்டணும்" என்றார் மேயரிடம். ஆணையருக்கு விளக்கு சுவிட்ச். நிதிக்குழுத் தலைவருக்குத் திரை விலக்குதல். எதிர்க்கட்சித் தலைவருக்கு மரக்கன்று. மேயருக்கு முன்பே அவர் பேசலாம் என்றும் ஏற்பாடு. ஆளுக்கு ஒரு கல்வெட்டு. கத்தலே இல்லாமல் தீர்மானம் நிறைவேறிய அதிசயத்தைப் பார்க்கக் காவலாளிகூட உள்ளே எட்டிப் பார்த்தாராம்.

கட்டும்போது ஒரு சிக்கல் வந்தது. நான்கு கல்வெட்டும் ஒரே அளவில் இருக்கவேண்டும், எல்லாம் தெருவைப் பார்த்து இருக்கவேண்டும் என்று நால்வரும் அடம் பிடித்தார்கள். சுவர் போதவில்லை. இரண்டு அறைக்குப் போட்ட திட்டத்தில் ஓர் அறையும் அதன் கதவும் கல்வெட்டுகளுக்கு வழிவிட்டன.

"ஒண்ணுதானா?" என்றாள் நாத்தனார்.

"இப்ப ஒண்ணு. இன்னொரு திறப்பு விழா வேணும்னு அவங்களே கேப்பாங்க பாரு."

குடிநீர் வாரியம் மட்டும் மசியவில்லை. அது மாமன்றத்துக்குக் கட்டுப்பட்டதல்ல; அதன் தலைவர் மேயரின் போனை எடுப்பதே அபூர்வம். குழாய் போட்டாயிற்று, வால்வைத் திறப்பது மட்டும் வரிசைப்படி நடக்கும் என்றார்கள்.

"தண்ணிக்கு என்ன பண்ணப்போற?" என்று கேட்டார் கணவர்.

"மேயருக்கு டீ குடுங்க" என்றார் அக்கா. "கப் காலியாகாம பாத்துக்கங்க."

விழாவன்று முதல் வரிசையில் மேயருக்குச் சிம்மாசனம் போன்ற நாற்காலி. வந்ததும் டீ, எதிர்க்கட்சித் தலைவர் உள்ளாட்சியின் வரலாற்றைத் தொடங்கியதும் பழச்சாறு, ஆணையர் புள்ளிவிவரத்துக்கு வந்தபோது மறுபடி டீ. நிதிக்குழுத் தலைவர் பேசும்போது மேயர் கால் மேல் கால் போட்டார், மாற்றிப் போட்டார், பிறகு இரண்டையும் இறுக்கிக்கொண்டார். ரிப்பனை அவ்வளவு வேகமாக வெட்டிய மேயரை அந்த ஊர் கண்டதில்லை.

"ஏம்மா, பக்கத்துல எங்கயாவது..." என்று காதோரம் கேட்டார்.

"புதுசா ஒண்ணு இருக்கே ஐயா. இப்பதான் நீங்க திறந்து வச்சீங்க."

மேயர் அங்கியையும் சங்கிலியையும் கழற்றி, அருகில் நின்ற நாத்தனார் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார். ஆய்வு செய்கிறார் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. சற்று நேரத்தில் உள்ளிருந்து போன் பேசும் குரல் கேட்டது.

"தண்ணி வரலய்யா... வரிசையா? யோவ், நான் ஆய்வுக்கு வரல. உள்ள இருக்கேன்."

வாரியத் தலைவரும் மனிதர்தான். அவருக்கும் டீ குடிக்கும் பழக்கம் உண்டு. சந்தை முனையில் ஆள் வந்து இறங்கினான், வால்வு திறந்தது, குழாய் இருமிக்கொண்டு தண்ணீரைக் கக்கியது. எந்தத் தீர்மானத்தாலும் அசையாத வாரியத்தை ஒரு கெட்டில் டீயால் அசைத்த பெண் மேடையோரம் நின்று தன் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். கணவர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை அது.

"என்ன?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்ல. டீ இன்னும் இருக்கு. எனக்கு வேணாம்னுதான் தோணுது."

நாத்தனார் அன்று காலையிலிருந்தே துணிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேச்சுக்கும் சேர்த்து பாட்டில் முழுக்கக் காலி. கையில் நகரத்தின் சங்கிலியோடு கதவருகே போனாள். வாசலில் புகைப்படக்காரர்கள் கூடியிருந்ததால் மேயர் வெளியே வரவில்லை. கதவின் மேல் 'பெண்களுக்கு மட்டும்' என்று பெரிதாக எழுதியிருந்தது.

அவள் தட்டினாள்.

"ஆள் இருக்கு" என்றார் மேயர்.