பேருக்குக் கீழே

"பேருக்குக் கீழ என்னங்க போடறது?"

ஃபிளெக்ஸ் கடை நரசிம்மலு ஃபோனில் மறுபடியும் கேட்டார். இனியா ஒரு கையில் ஃபோனும் மறுகையில் மாலையுமாக ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே அம்மா பாவாத்தாள். விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றவள், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள். வாசலில் கண்ணீர் அஞ்சலி தொங்காவிட்டால் சிங்காநல்லூரில் சாவு வீடே இல்லை என்பார்கள்; அதில் பேருக்குக் கீழே ஒரு பட்டமும் இருந்தாக வேண்டும்.

தாய்மாமன் ஆறுச்சாமி குறுக்கே வந்தார். மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருப்பவர், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றே காலத்தை ஓட்டியவர்.

"அரசு ஊழியர்னு போடச் சொல்லு அம்மணி. நாளைக்கு உன்னப் பொண்ணு பாக்க வாரவீங்க கேப்பாங்க."

அக்காள் முப்பது வருஷம் மாநகராட்சியில் தெருக் கூட்டியதை அவர் எந்தச் சொந்தக்காரரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இனியாவுக்குச் சுருக்கென்றது. அம்மா அந்த வேலைக்கு ஒருநாளும் கூசியதில்லை. ஆனால் அதோடு அம்மா முடிந்தும் போய்விடவில்லை.

மதியம் வேலை முடிந்தால் குளித்து, பவுடர் பூசி, கிளை நூலகத்துக்குக் கிளம்பிவிடுவாள். தலையணைத் தடிமனில் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால், பூட்டும்போதுதான் எழுந்திருப்பாள். வரும் வழியில் தள்ளுவண்டியில் ஒரு பிளேட் காளான், வெங்காயம் தூக்கலாக. வீட்டில் ரேடியோவில் பாட்டு ஓடும்போது எமனே வந்து பேசினாலும் முறைப்பாள். மறுநாள் காலையில் கூடக் கூட்டுகிற பெண்கள், "அந்தப் பொண்ணு அப்பறம் என்ன ஆனாக்கா?" என்று கதையைக் கேட்ட பிறகுதான் துடைப்பத்தையே தொடுவார்கள். என் அம்மா ராணி மாதிரி வாழ்ந்தாள் என்று இனியா நினைத்துக்கொண்டாள். அழுகையோடு கர்வமும் வந்தது.

ஃபோனை வைத்துவிட்டு, 'வாசகி' என்று அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

"படிக்கறதெல்லாம் ஒரு பட்டமா? சனம் சிரிக்குங் கண்ணு," என்றார் மாமா.

"சிரிக்கட்டுங்க மாமா."

அவர் வெளியே போய் சாமியானாவுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார்.

ஃபிளெக்ஸ் பதினொரு மணிக்கு வந்தது. கறுப்பில் வெள்ளை எழுத்து, நல்ல பெரிசாக. காங்கேயத்திலிருந்து பஸ் பிடித்து வந்த பெரியப்பா கோவிந்தராஜுலு அதை அண்ணாந்து பார்த்தவர், செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டார்.

"பாவாத்தா செரி. வாசுகி யாரு கண்ணு? ரெண்டு சாவா?"

இனியா ஓடி வந்து பார்த்தாள். பாவாத்தாள் என்பதற்குக் கீழே 'வாசுகி' என்றுதான் இருந்தது. நரசிம்மலுவைக் கூப்பிட்டாள். துக்கத்தில் பொண்ணு தப்பாக அடித்துவிட்டது என்று தானே திருத்தியதாகச் சொன்னார் அவர். தெருக் கூட்டுகிற அம்மாவைத் தனக்கும் தெரியுமாம். வாசகி என்று எப்படி வரும், வாசுகி என்பது வீட்டில் கூப்பிடுகிற பேராக இருக்கும் என்று நினைத்தாராம். நல்ல மனுஷர்தான், அதனால்தான் ஆத்திரம் இன்னும் கூடியது.

ஃபோனை யாரோ பிடுங்கினார்கள். மாமா.

"ஏனுங்க, எங்கக்கா வாசுகி இல்லீங்க. வாசகிங்க. ரோடு கூட்டுச்சுங்க, கூட்டிப்போட்டு வந்து படிச்சுதுங்க. எங்க சனத்துல அதாட்டம் படிச்ச ஆளு இன்னொண்ணு இல்லீங்க."

சாமியானாவுக்கு அடியில் இருந்த அத்தனை சொந்தமும் திரும்பிப் பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

வேறு அடித்துத் தர ஒரு மணி நேரம் ஆகும் என்றார் நரசிம்மலு. மின்மயானத்துக்குப் போகிற வண்டியோ வந்து நின்றுவிட்டது. ஆறுச்சாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். சட்டைப் பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, பல்லால் கடித்து ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்தார். 'சு'வின் வாலை மட்டும் மறைத்து ஒட்டினார். ஒரு ஓரம் கிளம்பியது. கட்டைவிரலால் அழுத்தினார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். கீழே பெரியப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "வா... ச... கி," என்று எழுத்துக்கூட்டிப் படித்தார்.

இரண்டாவது ஹாரனுக்கும் ஆறுச்சாமி விரலை எடுக்கவில்லை.