ஆடி மாதத்துச் சாமி படம்

செண்பகவல்லிக்கு ரொம்பப் பிடித்த படம், அவள் இன்னும் பார்க்காத படம். இதைச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளோடு வேலை பார்த்த இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"முதல் பாகம் பிடிக்கும்னு சொல்லு, சண்டைக்கு வாரேன். ரெண்டாம் பாகம்னு சொல்லு, கைகுடுக்கேன். ஊருக்கே வராத மூணாம் பாகம் எப்பிடி தங்கச்சி பிடிக்கும்?" என்றான் மெக்கானிக் ஏசுவடியான்.

"எங்க அக்காவுக்கு மாப்பிள்ளையைப் பாக்காமலே பிடிச்சிருந்துச்சுல்லா? அப்பிடித்தான்," என்றாள் அவள், மதுரை லைனுக்காக ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டே.

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. குற்றாலத்தில் சாரல் பிடித்து, ஐந்தருவிக்குப் போகிற வேன்களெல்லாம் தென்காசி வழியாக ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தன. வந்த கூட்டம் குளித்துவிட்டு ஊருக்குப் போன் பேச வரிசையில் நின்றது. டிரங்க் கால் என்றால் சும்மாவா? பதிவு செய்துவிட்டு லைன் கிடைக்கிறவரை தவம் கிடக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் மூன்று பேரும் 'கருஞ்சூரிய'னை எடுத்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவார்கள்.

'கருஞ்சூரியன்' என்பது நம் ஊர்ப் போஸ்டர்காரர்கள் வைத்த பெயர். இங்கிலீஷ் படம். கதை முழுக்க நட்சத்திரங்களுக்கு நடுவில் நடந்தது. மோர்வக் என்று ஒரு அரக்க ராஜா. உயிரோடு இருக்கிறவனாலும் தன்னைக் கொல்ல முடியாது, செத்தவனாலும் முடியாது என்று ஒரு யந்திரத்திடம் வரம் வாங்கி வைத்திருந்தான். அவனை எதிர்த்து ஆர்டன் என்று ஒரு கப்பலோட்டி. நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கிற வெறும் வெளியிலிருந்து ஒரு குரல் அவனுக்கு வழி சொல்லும். அந்தக் குரலுக்கு முகம் கிடையாது. இரண்டாம் பாகத்தின் முடிவில் ஆர்டன் அணைந்துபோன ஒரு சூரியனுக்குள் தன் கப்பலை விட்டுவிட்டான். அத்தோடு திரை விழுந்தது. ஒன்றரை வருஷமாயிற்று, அவன் என்ன ஆனான் என்று தெரியாமல் செண்பகவல்லிக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அது கொஞ்சம்தான் மிகை.

முதல் பாகத்துக்கு ஈடே கிடையாது என்பார் சூப்பர்வைசர் கல்யாணராமன். "அந்த வரம் கேக்கிற சீன் ஒண்ணு போறும். சாட்சாத் இரணியன். மூணாம் பாகத்தில தூணைப் பிளந்துண்டு நரசிம்மம் வரப்போறது, பாருங்கோ!" ஏசுவடியானுக்கு இரண்டாம் பாகம்தான் உசத்தி. ஊருக்காக ஒருவன் உயிரைக் கொடுத்தான், ஆகையால் அவன் உயிர்த்தெழுவான், இதில் என்ன சந்தேகம் என்று கேட்பான். மதுரையில் மூன்றாம் பாகம் ஓட ஆரம்பித்ததும் இருவரும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவது என்று முடிவு செய்தார்கள்.

"வந்து ஒனக்குக் கதை சொல்லுதோம்," என்றான் ஏசுவடியான், பெரிய தயாள குணத்தோடு.

அவளுக்குச் சுரீர் என்றது. வேலைக்கு அனுப்புவதே எக்ஸ்சேஞ்ச் அடுத்த தெருவில் இருப்பதால்தான் என்று நினைக்கிற அப்பா, சினிமா பார்க்க மதுரைக்கா அனுப்புவார்? படம் தென்காசிக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு அந்தப் படம் கிடையாது. அடுத்தவர் வாயால் கதை கேட்டுக்கொள்வதற்கு அவள் பிறக்கவில்லை.

மறுநாள் மதியம் குழல்வாய்மொழி டாக்கீஸுக்கு மதுரையிலிருந்து ஒரு கால் வந்தது. அவள்தான் இணைத்தாள். இணைத்துவிட்டு ஒதுங்குவதுதான் முறை. ஆனால் 'கருஞ்சூரியன்' என்ற சொல் காதில் விழுந்த பிறகு எந்த முறை நிற்கும்?

"மூணாம் பாகத்துக்கு இன்னொரு படப்பொட்டி வெள்ளிக்கிழமை காலையில ரெடி அண்ணாச்சி," என்றார் மதுரை விநியோகஸ்தர். "நாலு நாள் உங்க ஊர்ல ஓட்டிக்கிடுங்க. அப்புறம் புளியறை தாண்டிக் கேரளாவுக்குப் போயிரும். திரும்பாது."

"ஆடி மாசமாக்கும்," என்றார் தியேட்டர் முதலாளி பால்வண்ணநாதன். "ஆடியில நம்ம கொட்டகையில சாமி படம் மட்டுந்தான். தெரியும்லா?"

ஊருக்கே தெரியும். அவர் அப்பா காலத்தில் டாக்கீஸ் ஓலைக் கொட்டகையாக இருந்தபோது, ஒரு ஆடியில் காற்று கூரையைத் தூக்கிக்கொண்டு போய் நஞ்சையில் போட்டது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது ஓலை எம்மாத்திரம்? ஆனால் அன்றைக்கு ஓடியது கவர்ச்சி ஆட்டங்கள் நிறைந்த படம் என்பதால், அது அம்பாள் கோபம் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து ஆடி முழுவதும் சாமி படம்தான் என்று வேண்டுதல். இப்போது கொட்டகை கான்கிரீட் கட்டடமாகிவிட்டது. வேண்டுதலை மட்டும் யாரும் தொடவில்லை.

"சரி, அப்ப விட்டுருங்க," என்று மதுரைக்காரர் போனை வைக்கப் போனார்.

"அதுவும் சாமி படந்தான் அண்ணாச்சி!"

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று செண்பகவல்லிக்குப் புரிந்தது.

"யாரும்மா அது, நடுவில?" என்றார் பால்வண்ணநாதன்.

"எக்ஸ்சேஞ்ச் அண்ணாச்சி. தப்பா நெனச்சுக்கிடாதீங்க. அது சாமி படம். நான் நிரூபிச்சுக் காட்டுதேன்."

அவர் சிரித்தார். "மதுரை, சாயங்காலம் வரைக்கும் பொட்டியைப் பிடிச்சு வையும். தாயி, நீ டூட்டி முடிஞ்சு இங்கன வா."

அவள் இருவரையும் இழுத்துக்கொண்டு போனாள். வழி நெடுக ஒரே பாடம்தான்: மூன்று பேரும் ஒரே மாதிரி பேச வேண்டும். முதலாளி அறைக்குள் கால் வைத்த மறுநிமிஷம் அந்தப் பாடம் காற்றில் போயிற்று.

"சந்தேகமே வேண்டாம், இது நரசிம்மாவதாரம்," என்று ஆரம்பித்தார் கல்யாணராமன். "உயிரோட இருக்கிறவனும் இல்லே, செத்தவனும் இல்லே. வரத்தில ஓட்டை எங்கேன்னு பாருங்கோ!"

"சார், நரசிம்மம் என்னைக்கு செத்துச்சு? இவன் செத்துல்லா போயிருக்கான்!" என்று பாய்ந்தான் ஏசுவடியான். "இது ஏசுநாதர் கதை அண்ணாச்சி. எங்க கோயில் குருவானவரே சொன்னாரு."

"குருவானவர் இங்கிலீஷ் படமெல்லாம் பாக்கிறாரோ?"

"பாத்தா என்னவாம்?"

பால்வண்ணநாதன் நெற்றித் திருநீற்றைத் தடவிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆளுக்கொரு சாமியச் சொன்னா நான் போஸ்டர்ல யாரைப் போட? சரி, அதை விடுங்க. படத்தில சாமி எப்ப வரும்?"

கல்யாணராமனும் ஏசுவடியானும் செண்பகவல்லியைப் பார்த்தார்கள்.

"வராது அண்ணாச்சி," என்றாள் செண்பகவல்லி. "குரல் மட்டுந்தான்."

"சாமியே வராத சாமி படமா? நல்லாருக்கே கதை! கெளம்புங்க, கெளம்புங்க. எனக்குச் சோலி கெடக்கு."

மற்ற இருவரும் எழுந்தே விட்டார்கள். அவர்களுக்கென்ன, ஞாயிற்றுக்கிழமை பஸ் இருக்கிறது. அவள் எழவில்லை. பயம் போய்க் கோபம் வந்திருந்தது.

"அண்ணாச்சி சிதம்பரம் போயிருக்கியளா?"

"வருசா வருசம் போவேன். ஏன்?"

"அங்கன ரகசியம்னு திரையை விலக்கிக் காட்டுவாகள்லா. உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இருக்காது. தங்க வில்வ மாலை தொங்கும். வெறும் ஆகாசம்," என்றவர், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ஒண்ணுமில்லாததுக்குத்தானே கன்னத்தில போட்டுட்டு வாறிய? அதே ஆகாசத்தைத்தான் இவன் இங்கிலீஷ்ல எடுத்திருக்கான். ஒங்களுக்குச் சிதம்பரத்தில சாமி தெரியுது, சினிமாவில தெரியலையா?"

கல்யாணராமன் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளியிடம் இப்படிப் பேசினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பால்வண்ணநாதன் மோட்டுவளையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாய்க்காரிதான் நீ," என்றார். "சரி. வெள்ளிக்கிழமை மதிய ஆட்டம், பொம்பளைகளுக்கு மட்டும் சாமி படம்னு போடுதேன். பின்னால ஒரு ஓரமா இவங்க ரெண்டு பேரும் உக்காந்துக்கிடட்டும். அம்மன் கோயில்ல சாமியாடுத பிச்சம்மா வருவா. நடுவில அவ எந்திரிச்சு வெளிய வந்தான்னா, அந்த நிமிசமே நிறுத்திட்டு பழைய அம்மன் படத்தை ஏத்திருவேன். முடிவு வரைக்கும் இருந்து, அவ வாயால சாமி படம்னு சொன்னா நாலு நாளும் ஓடும். சம்மதமா?"

சம்மதிக்காமல்?

வெள்ளிக்கிழமை மதியம் தென்காசி, இலஞ்சி, மேலகரம் என்று எல்லா ஊர்ப் பெண்களும் மஞ்சள் குளித்த முகத்தோடு வந்து குவிந்தார்கள். செருப்பை வாசலிலேயே விட்டார்கள். மடியில் சூடம், வெற்றிலை, பிள்ளைகளுக்கு முறுக்கு. பிச்சம்மாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு நடு வரிசையில் கால் மடக்கி அமர்ந்தாள்.

விளக்கு அணைந்தது. கரகரவென்று இங்கிலீஷ் கொட்டியது. முதல் பாகமும் தெரியாது, இரண்டாம் பாகமும் தெரியாது, பாஷையும் தெரியாது. கால் மணி நேரத்தில் அரங்கம் சந்தைக்கடை ஆகிவிட்டது.

"என்ன எழவு இது? அம்மன் எங்கட்டீ?"

"இரும்புச் சட்டி பறக்குது, அதையா கும்பிட?"

பிச்சம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து நின்றாள். கதவருகில் நின்ற பால்வண்ணநாதன் ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கையைத் தூக்கினார். செண்பகவல்லி அதற்குள் படிகளில் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஆபரேட்டர் அறையில் இசைத்தட்டு போடுவதற்கும், காணாமல் போன பிள்ளைகளை அறிவிப்பதற்கும் ஒரு மைக் உண்டு. "மந்திரமூர்த்தி அண்ணே, நிறுத்தாதீங்க!" என்று ஆபரேட்டரிடம் கத்திவிட்டு அதைப் பிடுங்கினாள். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம். அதன் வழியே தூரத்தில் திரை தெரிந்தது.

"தாயிமாரே, உக்காருங்க," என்றாள். நாள் முழுவதும் ஊருக்கே கேட்டுப் பழகிய குரல் அது, அதட்டவும் தெரியும், கெஞ்சவும் தெரியும். "இந்தா கறுப்பா நிக்கானே, இவந்தான் மோர்வக். நம்ம இரணியன் மாதிரி வரம் வாங்கின பய. உயிரோட இருக்கவனாலயும் சாவு இல்ல, செத்தவனாலயும் சாவு இல்ல. இவன் ஆட்டத்தை யாரு அடக்க?"

சளசளப்பு குறைந்தது. பிச்சம்மாள் நின்றபடியே தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தக் கெழவி யாருன்னு கேக்கியளா? ஆர்டனைப் பெத்தவ. மவன் செத்துட்டான்னு ஊரே சொல்லுது. இவ மட்டும் நம்பாம, தெனமும் விளக்கேத்தி வச்சுக்கிட்டு வானத்தைப் பாத்து உக்காந்திருக்கா."

பிச்சம்மாள் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு செண்பகவல்லிக்குத் தடையே இல்லை. புரிந்த இங்கிலீஷைச் சொன்னாள். புரியாத இடத்தில் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிட்டாள். அவளும் அந்தப் படத்தை முதல் தடவையாகத்தான் பார்க்கிறாள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஓர் இடத்தில் வெளியின் குரல் அந்தத் தாயிடம் பேசியது. என்ன சொல்லிற்றோ, சரியாகக் கேட்கவில்லை. செண்பகவல்லி ஒரு கணம் யோசித்தாள். "அழாத தாயி. நான் எங்கயும் போகலை. ஒம் பக்கத்திலதான் இருக்கேன்," என்று மெதுவாகச் சொன்னாள். கீழே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது. இடைவேளையில் முறுக்குத் தட்டு போனது போலவே விற்காமல் திரும்பி வந்தது.

கடைசியில் மோர்வக் ஊரைக் கொளுத்த வந்தான். அந்தத் தாயின் விளக்கைக் காலால் எட்டி உதைத்தான். திரை முழுவதும் இருட்டு. இனி என்ன வரும் என்று செண்பகவல்லிக்கும் தெரியாது. ஒன்றரை வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தான். மைக்கை மறந்து துவாரத்தில் கண்ணை ஒட்டிக்கொண்டாள்.

அணைந்த சூரியன் நடுவில் வெடித்துப் பிளந்தது. உள்ளிருந்து ஆர்டன் எழுந்தான். உடம்பு இல்லை. உயிரோடு இருக்கிறவனும் இல்லை, செத்தவனும் இல்லை. வானம் கொள்ளாத வெளிச்சமாக எழுந்தான். அந்த வெளிச்சம் பட்டு மோர்வக் சாம்பலாகப் போனான்.

பிளந்துகொண்டு வந்தது, உயிர்த்து எழுந்தது, ஆகாசமாக நின்றது. பின் வரிசையில் கல்யாணராமன் கைகூப்பியிருந்தார், ஏசுவடியான் சிலுவை போட்டுக்கொண்டான். யார் சொன்னது சரி என்று அப்போது இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நடு வரிசையிலிருந்து ஒரு குலவைச் சத்தம் கிளம்பியது. பிச்சம்மாள்! அவ்வளவுதான், கொட்டகை முழுவதும் குலவை. பெண்கள் முன்னால் ஓடித் திரைக்கு முன்னே தரையில் சூடம் கொளுத்தினார்கள். செண்பகவல்லி ஆபரேட்டர் அறையில் நின்று அழுதாள், சிரித்தாள், மந்திரமூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பார்த்துவிட்டாள். தன் கண்ணால், தன் ஊரில், முடிவு வரைக்கும் பார்த்துவிட்டாள்.

படியிறங்கி வந்தபோது வாசலில் பால்வண்ணநாதன் பிச்சம்மாளை மறித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இன்னும் சந்தேகம் பாக்கி இருந்தது.

"ஆத்தா, மெய்யாச் சொல்லு. இதில சாமி எங்க வந்துச்சு?"

பிச்சம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க வந்துச்சா? மத்தவனெல்லாம் தஸ்ஸு புஸ்ஸுன்னு ஒளறிக்கிட்டு இருந்தான். சாமி ஒண்ணுதானய்யா மேல இருந்து நல்ல தமிழ்ல பேசிச்சு! காது அடைச்சிருந்துச்சா ஒமக்கு?"

முதலாளி மெல்லத் திரும்பினார். கடைசிப் படியில் வியர்வையோடு நின்ற செண்பகவல்லியைப் பார்த்தார். மைக்கில் பேசிப் பேசி அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"நாளைக்கும் பேசுமா?" என்றாள் பிச்சம்மாள். "எங்க தெரு அம்புட்டையும் கூட்டிட்டு வாரேன்."

"பேசும் ஆத்தா," என்றார் பால்வண்ணநாதன். "கூட்டிட்டு வா."