யோகமாலாவின் பாதிப் பெயர்

யோகமாலா என்று முழுதாகச் சொல்ல மேலாளருக்கு நாக்குப் புரளவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே பெயரைப் பாதியாக வெட்டி, எம், ஏ, எல், ஏ என்று நான்கு ஆங்கில எழுத்துகளில் ஓர் அட்டை அடித்துச் சட்டையில் குத்தக் கொடுத்துவிட்டார். ரொறன்ரோ விமான நிலையத்தில், வந்து சேராத பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் கவுண்டர் அவளுடையது. அங்கே யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை.

அதனால்தான், பனி கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை போர்த்துக்கல்லிலிருந்து வந்திறங்கிய மனுவேல் என்ற முதியவர், அவளுடைய அட்டையைக் கண்டதும் முகம் மலர்ந்து "மாலா, மாலா" என்றபோது அவளுக்குப் புல்லரித்துப் போயிற்று.

"யெஸ், ஐ ஆம் மாலா" என்றாள்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். அட்டையைத் தொட்டுக் காட்டினார். "மாலா."

"ஓம் ஐயா, நான்தான்" என்று தமிழே வந்துவிட்டது அவளுக்கு.

அவர் காற்றில் ஒரு பெரிய சதுரம் வரைந்தார். எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல் நடந்து காட்டினார். பிறகு இல்லாத ஒரு ட்ரம்பெற்றை உதட்டில் வைத்து ஊதினார். இவருக்கு ஏதும் சுகமில்லையோ என்று அவள் பயந்துகொண்டிருக்க, அவர் கைபேசியில் பேத்தியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

விஷயத்தைக் கேட்ட பேத்தி சிரித்தாள். "அவர் உங்களைக் கூப்பிடவில்லை. போர்த்துக்கேய மொழியில் மாலா என்றால் சூட்கேஸ். கவுண்டரின் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். ஆனால் அதை ஏன் ஒரு பெண்ணின் சட்டையில் குத்தியிருக்கிறார்கள் என்று கேட்கிறார்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலய ஊர்வலத்தில் அவர் ட்ரம்பெற் வாசிக்க வேண்டுமாம். வாத்தியமும் சீருடையும் அந்தப் பெட்டிக்குள்தானாம். யோகமாலா விவரங்களைக் கணினியில் பதிந்து அவரை அனுப்பி வைத்தாள். திரும்பினால், பக்கத்துக் கவுண்டரில் கிளாவ்டியா குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். கிளாவ்டியா ஈக்குவடோர்க்காரி, ஒரு வருடமாக இருவரும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள்.

"என்ன சிரிப்பு?"

"சூட்கேஸ் எவ்வளவோ பரவாயில்லை" என்றாள் கிளாவ்டியா. "ஸ்பானிய மொழியில் மாலா என்றால் கெட்டவள்."

"இதை ஒரு வருடமாகவா சொல்லாமல் இருந்தாய்?"

"முதல் நாளே சொல்ல நினைத்தேன். நீ வடை தந்தாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?"

யோகமாலாவுக்குக் கோபம் வரவில்லை. சில பிள்ளைகள் அவளுடைய அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத் தாயின் பின்னால் போய் ஒளிவதை அவள் கண்டிருக்கிறாள். தன் முகம்தான் அப்படியோ என்று கண்ணாடியில் பார்த்துமிருக்கிறாள். காரணம் இன்றைக்குத்தான் பிடிபட்டது.

ரூஜ் பகுதியில் இருக்கும் வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டின்போது கதையைச் சொன்னாள். மகள் அட்சயா உடனே கைபேசியை எடுத்துவிட்டாள்.

"அம்மா, குரோவேஷியாவில நீங்க சின்னப் பிள்ளை. ஐரிஷ்ல கண் புருவம். லாட்வியாவில கரை. சுவீடன்ல அரைக்கிறது."

"சுவீடன்காரருக்கு உம்மைப் பற்றி நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றார் கணவர் குலசிங்கம், சம்பலைக் கிள்ளிக்கொண்டே.

"மற்றப் பாதியைப் போடச் சொல்லுங்கோ அம்மா. யோகா எண்டு."

"போட்டால் எல்லாரும் எக்ஸர்சைஸ் கிளாஸ் எத்தினை மணிக்கெண்டு கேப்பினம்" என்றாள் யோகமாலா. ஆனால் அன்று அவளுக்குத் தூக்கம் பிந்தித்தான் வந்தது. அம்மா வைத்த பெயர் பூமாலையை மட்டும்தான் குறிக்கும் என்று ஐம்பது வயதுவரை நினைத்திருந்தாள். அது தனக்குத் தெரியாமல் எத்தனை ஊரில் எத்தனை வேலை பார்த்திருக்கிறது என்று நினைக்க வியப்பாக இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் மனுவேலின் பெட்டி வேறொரு விமானத்தில் வந்தது. அவளே அதை வெளிவாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அவர் பெட்டியைக் காட்டி "மாலா" என்றார். அவளைக் காட்டி "மாலா?" என்றார். உன் ஊரில் என்ன அர்த்தம் என்று கேட்கிறாரென்று புரிந்தது. அவள் பூத் தொடுப்பதுபோல் விரல்களை அசைத்து, தொடுத்ததை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து கொடுத்தார். கூட வந்திருந்த பேத்தி படமெடுக்க மறந்து நின்றாள்.

கதையைக் கேள்விப்பட்டு, அட்டையில் பெயரை மாற்றித் தரட்டுமா என்று மேலாளர் கேட்டபோது வேண்டாமென்றுவிட்டாள். அதற்குப் பிறகு, யார் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அட்டையைக் காட்டி, உங்கள் மொழியில் இதற்கு என்ன பொருள் என்று விசாரிப்பாள். சென்ற கிழமை ஒரு ஜெர்மன்காரர் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

"ஒன்றுமில்லை" என்றார். "எங்கள் மொழியில் இதற்குப் பொருளே இல்லை."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முகத்திலும் அது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பெட்டியையும் தொலைத்துவிட்டு நின்ற அந்த மனிதர், அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.